ராபியாவின் நாற்பத்தேழு ரூபாய்

"நெக்ஸ்ட்!"

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவன் தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டினான். ராபியா விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்தாள். இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்தான். நுனியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் மேசையில் விழுந்தது.

அவள் என்ன செய்வாள்... பம்பாயின் 1963-ஆம் வருஷத்து ஜூலை மழை அது. சர்ச்கேட் ஸ்டேஷனிலிருந்து இன்கம்டாக்ஸ் ஆபீஸ் வரைக்கும் அவளைத் துரத்திக்கொண்டே வந்து, குடையைத் திருப்பி, புத்தகப் பைக்குள்ளும் புகுந்துவிட்டது.

"பேர் எழுதலியா?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

"எழுதியிருக்கேனே."

"எங்கே?"

எட்டிப் பார்த்தாள். அவள் பெயர் இருந்த இடத்தில் ஒரு சின்ன நீலக் குளம்தான் இருந்தது.

"வேற பாரம் எழுதிக்கொண்டு வாங்க. நெக்ஸ்ட்!"

ராபியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நகர்ந்தவள் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போலத் தமிழில் முணுமுணுத்தாள். "சட்டைய மட்டும் நல்லா வெளுத்துப் போட்டுக்கிட்டா போதுமாக்கும்... மூஞ்சியப் பாரு, ஊறப்போட்ட உளுந்து மாதிரி."

"உளுந்தா?" என்றான் அவன். தமிழில்!

திரும்பினாள். இப்போதுதான் அவன் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தான். நனைந்த முக்காடு... அதற்குள்ளே மழைத் துளி ஒட்டிய இமைகள்... அந்த இமைகளுக்குக் கீழே, கோபத்தில் இருந்து திகிலுக்கு மாறிக்கொண்டிருந்த இரண்டு பெரிய கண்கள். பார்த்தவன் சொல்ல வந்ததை மறந்துவிட்டான் போலிருந்தது.

"ஊரு மேலப்பாளையமா?"

"...எப்படித் தெரியும்?"

"திட்டுற தோரணையில தெரியுது. எங்களுக்குக் கடையநல்லூர். நாங்க கொஞ்சம் மரியாதையாத் திட்டுவோம்."

"அரே பாயி, ஜல்தி கரோ!" என்று வரிசையில் பின்னால் நின்றவர் அவசரப்படுத்திக் கத்தினார். ராபியா ஈரப் பாரத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடியே போனாள்.

*

அவள் அங்கே போக நேர்ந்ததற்குக் காரணம் ஒரு கப்பல் கம்பெனி.

ராபியா மாட்டுங்கா காலேஜில் பி.ஏ. கடைசி வருஷம். தாராவியில் அவர்கள் சந்திலிருந்து காலேஜுக்குப் போன முதல் பெண். போன வருஷக் கோடை லீவில், ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் ஒரு கப்பல் கம்பெனிக்குத் தமிழும் உருதும் இங்கிலீஷும் தெரிந்த பெண் ஒருத்தி தேவைப்பட்டாள். திருநெல்வேலியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வருகிற பெண்களுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. ஆபீஸில் இருந்தவர்களுக்குத் தமிழைத் தவிர எல்லா பாஷையும் தெரியும். நடுவில் ராபியா நின்றாள். அம்மை ஊசி எங்கே போடுவது, எந்த வரிசையில் நிற்பது, கப்பலில் கருவாடு கொண்டுபோகலாமா... மூன்று மாதம் இதே பேச்சு. கப்பல் புறப்படுகிற நாட்களில் ஓவர்டைமும் சேர்த்து நல்ல சம்பளம்.

அந்தச் சம்பளத்தில்தான் வினை. கணக்கர் அவள் வருஷம் முழுக்க அப்படியே சம்பாதிக்கப் போகிறாள் என்று வைத்துக்கொண்டு, மாதாமாதம் வருமான வரி பிடித்துவிட்டார். மொத்தம் நாற்பத்தேழு ரூபாய். ஜூலையில் காலேஜ் திறந்ததும் அவள் வருமானமும் நின்றுபோனது. வருஷத்துக்கு வெறும் மூன்று மாதச் சம்பளம் என்றால் வரியே கிடையாது. போய்க் கேட்டதற்கு, "கட்டினது கட்டினதுதான். வருஷம் முடிஞ்சதும் சர்க்கார்கிட்ட கேட்டு வாங்கிக்கோ" என்று சொல்லிவிட்டார்.

வருஷமும் முடிந்தது. பரீட்சைக் கட்டணம் கட்டச் செப்டம்பர் வரைதான் தவணை. அவள் வாப்பா இனாயத்துல்லா தோல் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். கோட்டைப் பக்கத்துக் கடைக்காரர்கள் இந்த வருஷம் பாதி ஆர்டர்தான் கொடுத்திருந்தார்கள். வீட்டுச் செலவே இழுபறி. அவரிடம் போய் நிற்க ராபியாவுக்கு மனம் வரவில்லை. தன் காசு சர்க்காரிடம் இருக்கும்போது எதற்கு நிற்க வேண்டும்?

வாப்பாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சந்தில் இன்கம்டாக்ஸ் என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

*

மறுபடி எழுதிக்கொண்டு போனாள். இந்த முறை பாரத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தாள். அவன் அதை வாங்கி, வரி வரியாகப் படித்தான். மேசை மேலிருந்த பெயர்ப் பலகையை அவளும் படித்தாள். எஸ். ஷாகுல் ஹமீது.

"கம்பெனி சர்ட்டிபிகேட் எங்கே? எவ்வளவு வரி பிடிச்சாங்கன்னு அவங்க எழுதித் தரணும்."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"மொத நாள் நீங்க உளுந்தோட நிறுத்திட்டுப் போயிட்டீங்களே."

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அடங்கவில்லை... கன்னத்தில் குழி விழுந்து காட்டிக்கொடுத்தது.

சர்ட்டிபிகேட்டோடு மூன்றாம் முறை போனபோது, வேறு வருமானம் எதுவும் இல்லை என்று தனியாக ஒரு வாக்குமூலம் கேட்டான்.

"நீங்க வேணும்னே திருப்பி அனுப்புதிய!"

"இல்லீங்க. தப்போட உள்ள போச்சுன்னா ஆறு மாசம் தூங்கும். இங்கயே திருத்திட்டா ஆறு வாரத்துல வந்துரும். உங்களுக்கு எப்ப வேணும்?"

"செப்டம்பர்ல. பரீட்சைக்குப் பணம் கட்டணும்."

அவன் முகத்தில் கேலி மறைந்தது. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினான். "இந்த பெஞ்சுலயே உக்காந்து எழுதுங்க. நான் சொல்றேன்."

அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. 'வேறு எந்த வகையிலும் எனக்கு வருமானம் இல்லை' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது, அவன் அவள் எழுத்தைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது. இருவருமே சட்டென்று மழையைப் பார்த்தார்கள்.

ரயிலில் திரும்பும்போது தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான மாஹிமில் இறங்க மறந்து, பாந்த்ரா வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள் ராபியா.

*

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். காலேஜ் முடிந்து ராபியா சந்துக்குள் நுழைந்தபோது, அங்கே இழவு வீடு போல ஒரு விசித்திரமான அமைதி. தையல் மிஷின் சத்தம் இல்லை. சுத்தியல் சத்தம் இல்லை. பக்கத்துப் பட்டறை முகம்மது ஹனீப் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா, யாரும் மௌத்தாப் போயிட்டாங்களா?"

"உஸ்ஸ்... இன்கம்டாக்ஸ்காரன் வந்திருக்கான்! உங்க வீட்டுலதான்!"

ஓடினாள். பட்டறையின் நடுவே, வெளுத்த சட்டையோடு, கையில் ஒரு காகிதக் கட்டோடு ஷாகுல் ஹமீது நின்றுகொண்டிருந்தான். வாப்பா, தைத்து முடித்த பைகளின் மேல் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"இனாயத்துல்லா ஊருக்குப் போயிருக்காரு," என்று இனாயத்துல்லா சொல்லிக்கொண்டிருந்தார். "எப்ப வருவாருன்னு சொல்ல முடியாது. நான் சும்மா காவலுக்கு இருக்கேன்."

"வாப்பா!" என்றாள் ராபியா.

அவ்வளவுதான். குட்டு உடைந்தது.

ஷாகுல் அவளைப் பார்த்துச் சொன்னான். "மூணாவது பக்கத்துல கையெழுத்து விட்டுப்போச்சு. தபால்ல திருப்பி அனுப்பினா மறுபடி வரிசையில கடைசிக்குப் போயிரும். செம்பூர்ல எங்க வீட்டுக்குப் போற வழிதானேன்னு... டீக்கடையில ஆபீஸ் பேரைச் சொல்லி வழி கேட்டது என் தப்பு."

"என்ன கையெழுத்து? என்ன பக்கம்?" வாப்பா எழுந்துவிட்டார். ராபியா திக்கித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது.

"ஏட்டி... அந்த ஆபீஸுக்கா போன? எல்லாரும் இன்கம்டாக்ஸ்காரன் கண்ணுல படாம ஒதுங்கிப் போறாங்க. நீ வீட்டு அட்ரஸ எழுதிக் குடுத்துட்டு வந்து நிக்கியே! நாப்பத்தேழு ரூவாயக் குடுத்துட்டு நாலாயிரம் கேப்பானுவட்டி!" பிறகு ஷாகுல் பக்கம் திரும்பினார். "நீரு நம்ம ஆளு மாதிரி இருக்கீரு. நம்ம சனங்க வயித்துல அடிக்கத்தான் உம்மப் படிக்க வச்சாங்களா? படிக்கிற புள்ள கையில பாரத்தக் குடுத்து வீட்டுக்குள்ள நுழையப் பாக்கீரா?"

ஷாகுலின் முகம் சிவந்தது. ஆனால் குரல் உயரவில்லை.

"உங்க வருமானம் வேற, உங்க மக வருமானம் வேற. நான் வந்தது அவங்க கையெழுத்துக்கு மட்டும்தான். அவங்க வேண்டாம்னா இப்பவே போயிர்றேன்."

"வேண்டாம்! போவும்!"

ராபியா அசையாமல் நின்றாள். வாப்பாவுக்கு எதிராக அவள் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் நடந்துபோய், ஷாகுல் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, தையல் மிஷின் பலகைமேல் வைத்தாள்.

"வாப்பா, மூணு மாசம் கால் கடுக்க நின்னு நான் சம்பாதிச்சது. எனக்கு வரவேண்டியதத்தான் கேக்கேன். தப்பா ஒண்ணும் கேக்கலியே..."

கையெழுத்துப் போட்டாள். பேனா தாளைக் கீறுகிற சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது.

உள்ளேயிருந்து உம்மா சபுரா, என்ன ஏது என்று புரியாமல், வந்தவருக்கு ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்தாள். ஷாகுல் கைகூப்பினான்.

"வேண்டாம் மாமி. இந்த பைல் முடியிறவரைக்கும் இந்த வீட்டுல நான் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது."

சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டான். ராபியாவை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளாஸில் அந்த டீ ஆறிக்கொண்டே இருந்தது.

*

இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி போனாள். பைல் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கப் போவதாகத் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஜன்னலில் வேறு யாரோ இருந்தார்கள். உள்ளே கடைசி மேசைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே அம்மிணி என்று ஒரு பாலக்காட்டு மாமி, மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஆமாம், ராபியா பேர்ல இருக்கிற பைல் எங்கிட்டதான் இருக்கு. ஷாகுல்தான் தன்னால பார்க்க முடியாதுன்னு எழுதிக் கொடுத்துட்டானே."

"ஏன்?"

"அதெல்லாம் பைல் முடியற முன்னாடி சொல்லப்படாது. ஆகவேண்டியது ஆயிண்டிருக்கு, நீ போ."

வெளியே வரும்போது வராந்தாவில் அவன் எதிரே வந்தான். அவளைப் பார்த்து நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்... பிறகு தலையை மட்டும் லேசாக அசைத்துவிட்டு, ஒதுங்கிப் போய்விட்டான்.

அப்படியா சேதி? வாப்பா பேசியது அவனுக்கு அவ்வளவு உறைத்துவிட்டதா? என் பெயர் எழுதிய காகிதத்தைத் தொடக்கூட அருவருப்பாகிவிட்டதா? ராபியாவின் கண் நிறைந்தது. உடனே கோபமும் வந்தது. போகட்டும். இனி இந்தப் படியில் கால் வைத்தால் என் பெயர் ராபியா இல்லை.

*

செப்டம்பர் முதல் வாரத்தில் ரிஜிஸ்தர் தபால் வந்தது. சர்க்கார் முத்திரை போட்ட கவர். வாப்பா அதை உடைக்க விடாமல் கால்மணி நேரம் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ராபியா உடைத்தாள். நாற்பத்தேழு ரூபாய்க்கு ரீஃபண்ட் உத்தரவு. பாங்கில் கொடுத்தால் பணம்.

"கேட்டதுக்கு... குடுத்துட்டானுவளா?"

"ஆமா வாப்பா."

"வேற ஒண்ணும் கேக்கலியா? பின்னாடி எழுதியிருக்கான்னு பாரு."

பின்னாடி ஒன்றும் இல்லை. அவர் மறுபடி தோலை வெட்ட உட்கார்ந்தார்.

மறுநாள் ராபியா பாங்குக்குப் போய்ப் பணம் வாங்கி, காலேஜில் பரீட்சைக் கட்டணத்தைக் கட்டி ரசீதை வாங்கினாள். சாயங்காலம் வாப்பா அவளைக் கூப்பிட்டார்.

"அந்தப் பையன் பேரு என்ன?"

"...ஷாகுல் ஹமீது."

"நான் கொஞ்சம் ஓவராப் பேசிப்புட்டேன். அவன் நெனச்சிருந்தா அன்னைக்கே இந்தப் பட்டறையப் பத்தி நாலு கேள்வி கேட்டுருக்கலாம். ஜமுக்காளத்துக்கு அடியில என்னன்னுகூடக் கேக்கல. பாத்தாம் பாரு... கேக்கல." அவர் கத்தியைக் கீழே வைத்தார். "இனாயத்துல்லா மன்னிச்சுக்கிடச் சொன்னாருன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வா. நான் போனா நாக்கு ஒட்டிக்கிடும்."

சபதம் செய்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ராபியா மறுநாள் மத்தியானமே அந்தப் படியில் கால் வைத்தாள்.

முதலில் அம்மிணி மாமியின் மேசைக்குத்தான் போனாள். பணம் வந்துவிட்டது என்று சொல்லி நன்றி சொன்னாள். மாமி கண்ணாடியைக் கழற்றினாள்.

"அப்போ பைல் குளோஸ். இப்போ கேளு, சொல்றேன்."

"என்னத்த?"

"அவன் ஏன் மாத்திக் கொடுத்தான்னு அன்னைக்குக் கேட்டியே. பைலைக் காட்டப்படாது. வாயால சொல்றேன். இங்கிலீஷ்ல எழுதியிருக்கான். தமிழ்ல சொன்னா இப்படித்தான் வரும்." மாமி குரலைத் தாழ்த்தி, ஆபீஸ் தோரணையில் சொன்னாள். "'மனுதாரர் குடும்பத்துடன் எனக்கு உறவு ஏற்படக்கூடும் என்பதால், இந்தக் கோப்பை வேறு மேசைக்கு மாற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.' அடியிலே ஆபீசர் பச்சை இங்க்ல, 'அப்ரூவ்ட்'னு எழுதிக் கையெழுத்தே போட்டுட்டார்!"

ராபியாவுக்கு ஆபீஸே ஒருதரம் சுற்றி நின்றது. சுற்றிலும் பார்த்தாள். அடுத்த மேசைக்காரர் அவசரமாகக் காகிதத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பியூன் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் துடைத்தான். ஆக... இந்த ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். அவளைத் தவிர!

"மாடிப்படியிலே சாப்பிட்டுண்டிருப்பான். போ," என்றாள் மாமி.

*

அவன் படிக்கட்டு ஜன்னல் ஓரமாக நின்று டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் டப்பா மூடி கைதவறி உருண்டு, அவள் காலடியில் வந்து நின்றது. குனிந்து எடுத்தாள்.

"வாப்பா ஒரு சேதி சொல்லிவிட்டாங்க. அன்னைக்குப் பேசுனத மன்னிச்சுக்கிடணுமாம்."

"பெரியவங்க... பயத்துல பேசினாங்க. நான் அன்னைக்கே மறந்துட்டேன்."

"மறந்தவங்கதான் வராந்தாவுல என்னக் கண்டு ஒதுங்கிப் போனியளாக்கும்?"

அவன் டப்பாவை ஜன்னல் திட்டில் வைத்தான். வெளியே மழை சன்னமாகத் தூறிக்கொண்டிருந்தது.

"கையெழுத்து வாங்க நான் வந்திருக்கவே கூடாது ராபியா. பியூன்கிட்ட குடுத்து விட்டிருக்கலாம். ஆனா வந்தேன். செம்பூர் போய்ச் சேர்ற வரைக்கும், ஏன் வந்தே ஏன் வந்தேன்னு என்னையே கேட்டுக்கிட்டேன். பதில் தெரிஞ்சுபோச்சு. மறுநாள் காலையில பைலை மாத்தச் சொல்லி எழுதிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"பைல் உள்ளே இருக்கிறப்ப உங்களைப் பார்த்துச் சிரிச்சாக்கூட, அந்த நாப்பத்தேழு ரூபாய் என் சிரிப்புக்காகக் கெடச்சதுன்னு யாராவது சொல்லுவாங்க. அது நீங்க உழைச்சதுக்கு வரவேண்டிய காசு. அதுல என் நிழல்கூட விழக் கூடாதுன்னு நெனச்சேன்."

ராபியாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இத்தனை நாள் கோபமென்று எதை நெஞ்சில் கட்டிக் காத்துவந்தாளோ, அது கோபமே இல்லை என்று இப்போது தெரிந்தது. டப்பா மூடியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"வர்ற வெள்ளிக்கிழமை எங்க உம்மாவைக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன்," என்றான் அவன். "கல்யாணத் தேதியெல்லாம் பரீட்சை முடிஞ்சப்புறம்தான். நீங்க படிக்கணும். ஆனா... நீங்க சரின்னு சொன்னாத்தான் வருவேன்."

"'உறவு ஏற்படக்கூடும்'னுதானே எழுதியிருக்கிய?"

அவன் திடுக்கிட்டான். "மாமி சொல்லிட்டாங்களா!"

"அதென்ன, 'கூடும்'? 'ஏற்படும்'னு எழுதத் தைரியம் இல்லியாக்கும்?"

"உங்ககிட்ட கேக்காம நான் எப்படி அப்படி எழுத முடியும்...?"

ராபியா மெல்ல நிமிர்ந்தாள். முதல் நாள் ஜன்னலில் அவன் பேச்சை மறக்கடித்த அதே கண்கள்தான். ஆனால் அன்றைய திகில் இல்லை, கோபமும் இல்லை. மூடியை அவன் கையில் வைத்தாள்.

"எழுதிக்கிடுங்க," என்றாள்.